500 குஞ்சில் 120 சாகிறது: பண்ணையைப் பெரிசாக்குவதா, மூடிவிடுவதா?

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புழலுக்கும் மாதவரத்துக்கும் நடுவில் சொந்த வீடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, இரண்டு வருஷமாக ஜப்பானியக் காடை வளர்க்கிறார். கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வாரம் 500 ஒருநாள் குஞ்சு வாங்கி, ஐந்து வாரம் வளர்த்து, மூலக்கடை, பெரம்பூர் பக்கத்துப் பிரியாணிக் கடைகளுக்கும் சாயங்கால வறுவல் வண்டிகளுக்கும் உயிருடன் கொடுக்கிறார். குஞ்சு 10 ரூபாய், தீவனம் கிலோ 46 ரூபாய், வளர்ந்த காடை 42 ரூபாய். முதல் ஒன்றரை வருஷம் பரவாயில்லை. ஐந்து மாதமாக முதல் வாரத்திலேயே குஞ்சுகள் மடிகின்றன. போன பேட்சில் 500-க்கு 120. தீவனக் கடைக்காரர் சொன்னபடி முதல் ஐந்து நாளும் தண்ணீரில் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கிறார். தீவனம் பிராய்லர் கோழிக்கானது. செத்தவற்றைப் பக்கத்துக் காலி மனையில் போடுகிறார். நாற்றமும் ஈயும் தாங்கவில்லை, மாநகராட்சிக்குப் போவேன் என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.

இந்த நேரத்தில் கொழுந்தனார் ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒருவர் கௌதாரி முட்டையும் குஞ்சும் தருவாராம். ஜோடி நல்ல விலைக்குப் போகுமாம். கூடவே 100 கினிக்கோழி, சொந்தமாக ஒரு இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி), காடையை 5,000 ஆக்குவது. பணத்துக்கு வாசகியின் நகை அடகுக்குப் போக வேண்டும். “பண்ணையில் வளர்த்தால் வேட்டை ஆகாது, சட்டப்படி சரிதான் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் படுக்கிறேன். பெரிசாக்குவதா, மூடிவிடுவதா, நீங்களே சொல்லுங்கள் டாக்டர்” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். மூடும் அளவுக்கு உங்கள் பண்ணை கெட்டுப்போகவில்லை. பெரிசாக்கும் நிலையிலும் அது இல்லை. குஞ்சு சாவதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் கௌதாரியைப் பேசிவிடுவோம். மற்றதில் தவறினால் பணம்தான் போகும்; இதில் தவறினால் வழக்கு வரும்.

கௌதாரி வேண்டவே வேண்டாம்

உங்கள் கொழுந்தனார் நினைப்பதுபோல் நினைப்பவர்கள் நிறையப் பேர். காடையை வளர்க்கலாம் என்றால் கௌதாரியை ஏன் வளர்க்கக் கூடாது என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நீங்கள் வளர்ப்பது நம் காட்டுக் காடை இல்லை. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகி வீட்டுப் பறவையாகிவிட்ட ஜப்பானிய இனம். 1974-இல் நம் நாட்டுக்கு வந்தது. அந்தக் காடைக்கே 2011-இல் புதுப் பண்ணை கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தடை போட்டு, 2013 கடைசியில்தான் தளர்த்தியது.

கௌதாரியின் கதை வேறு. அது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் காட்டுப் பறவை. 2022-இல் திருத்தப்பட்ட அட்டவணைகளிலும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை; வலை வைத்துப் பிடிப்பதும், கூட்டிலிருந்து முட்டை எடுப்பதும் வேட்டைதான். அப்படி எடுத்ததை வாங்கி உங்கள் கொட்டகையில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்றி வந்த வண்டியும் பறிமுதலாகலாம். “பண்ணையில் பொரித்தது” என்று விற்கிறவர் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு வனத்துறை முன்னால் செல்லாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மனை உங்களுடையது, பண்ணையை நடத்துவது நீங்கள். வனத்துறை வந்து நின்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், யோசனை சொன்னவர் இல்லை. காட்டிலிருந்து வரும் பறவை கூடவே என்ன நோயைக் கொண்டுவரும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மனசு ஒப்பாதது சரியான காரணத்துக்குத்தான். காட்டுக் காடைக்கும் இதே பதில்தான்.

குஞ்சு ஏன் சாகிறது?

ஐந்து மாதம் முன்னால் கரண்ட் பில்லைக் குறைக்கக் கொழுந்தனார் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டுக் கொடுத்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சாவு கூடியதும் ஐந்து மாதமாகத்தான். எல்.இ.டி. வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பொரித்த காடைக் குஞ்சு 10 கிராம்கூட இருக்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நீங்கள்தான் தாய்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் தரையில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். 250 குஞ்சுக்கு ஒரு வளையம் (வட்டமான தடுப்பு) என்று பிரித்துவிடுங்கள். ஒரு குஞ்சுக்கு ஒரு வாட்டுக்குக் குறையாமல் சூடு வேண்டும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வளையத்துக்கு ஒரு 250 வாட் அகச்சிவப்பு பல்பு போதும். கடல்காற்று அடிக்கும் பக்கம் சாக்குத் திரை, வளையத்தின் மேலே பாதிக்கு அட்டை மூடி என்று வைத்தால் சூடு தங்கும், கரண்டும் மிச்சமாகும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். அதைவிட நம்பகமான சாட்சி குஞ்சுகளேதான். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர்கிறது. வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. குளிரில் சாகும் குஞ்சு பெரும்பாலும் நசுங்கியும் மூச்சுமுட்டியும்தான் சாகும். காலையில் மூலையில் தட்டையாகக் கிடப்பவை அவைதான். ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஒருமுறை யாராவது பார்த்தே ஆக வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். காடைக் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். தட்டில் கூழாங்கல்லோ கோலிகுண்டோ நிரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். பெட்டியில் பயணம் செய்து களைத்து வருகிற குஞ்சுக்கு முதலில் வெல்லம் கலந்த தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம். உமி மேல் வழவழப்பான செய்தித்தாளை விரிக்காதீர்கள்; கால் அகன்று முடமாகிவிடும். சாக்குத் துணி நல்லது.

தீவனத்தையும் மாற்ற வேண்டும். காடைக்கு முதல் மூன்று வாரம் சுமார் 27 சதவீதப் புரதம், அதன்பின் 24 சதவீதம் தேவை. பிராய்லர் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. அதன் குருணையும் இந்தச் சின்ன அலகுக்குப் பெரிது. காடைக்கென்றே அரைத்த தீவனத்தைக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மக்காச்சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதிலிருக்கும் நஞ்சு கல்லீரலைத் தின்றுவிடும். அந்தச் சாவுக்கு மருந்து இல்லை.

டெட்ராசைக்ளினை நிறுத்துங்கள். குளிருக்கும் நசுங்கலுக்கும் அது மருந்து இல்லை. நோய் என்னவென்று தெரியாமல் ஒவ்வொரு பேட்சுக்கும் கொடுத்துவந்தால், நிஜமாகத் தேவைப்படும் அன்று அது வேலை செய்யாது. ஐந்து வாரத்தில் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகிற பறவை இது. எந்த மருந்து கொடுத்தாலும் விற்பனைக்கு முன் விட வேண்டிய இடைவெளி உண்டு. கடைக்காரர் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த எதையாவது நீட்டினால் தொடாதீர்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் 2019 முதல் அது தடை செய்யப்பட்டது.

பல்பை மாற்றியும் சாவு நிற்கவில்லை என்றால் நோய் இருக்கலாம். ரத்தக்கழிச்சலும், காடைகளை அதிகம் தாக்கும் குடல்புண் நோயும் ஈரக் கூளத்தில் (தரையில் விரித்த உமியில்) பரவுகிறவை. ஊகத்தில் மருந்து வாங்காமல் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உங்களுக்கு மிகப் பக்கத்தில், மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. அன்று காலை செத்த நான்கைந்து குஞ்சுகளை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளுறுப்பைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

ஒரு நாளின் வேலை

உங்கள் கொட்டகையில் ஒரே நேரத்தில் ஐந்து வெவ்வேறு வயதுப் பறவைகள் இருக்கின்றன. நடுவில் தடுப்பு இல்லை, இடம் ஒரு நாள்கூடக் காலியாவதில்லை. பெரிய பறவை தாங்கிக்கொள்ளும் கிருமியைக் குஞ்சு தாங்காது. அதனால் காலையில் எப்போதும் சின்னக் குஞ்சிடம் முதலில் போங்கள், பெரிய பேட்சுக்குக் கடைசியில். குஞ்சுப் பகுதிக்குத் தனிச் செருப்பு வையுங்கள். நுழைந்ததும் தீவன வாளியைத் தூக்காமல் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்: சத்தம் எப்படி, எச்சம் எப்படி, யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று. பிறகு செத்ததை எடுத்து எண்ணி எழுதிவிட்டுத் தண்ணீர்த் தட்டு கழுவுங்கள், அதன்பின் தீவனம். கத்திரி வெயிலில் தீவனத்தை விடியலுக்கும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே வெப்பம் குறையும்.

வாரம் ஒரு பேட்ச் என்பதை இரண்டு மாதத்துக்காவது இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் ஆக்குங்கள். குஞ்சு வளரும் இடத்துக்கு ஓய்வு கிடைக்கும்; கூளத்தை முழுக்க அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட நாள் கிடைக்கும். உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரரும் நாற்றமும்

அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்றம் காடையிலிருந்து வருவதில்லை, ஈரமான கூளத்திலிருந்து வருகிறது. உள்ளே போனதும் உங்கள் கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. அதே காற்றைத்தான் குஞ்சும் சுவாசிக்கிறது. ஒழுகும் தண்ணீர்த் தட்டை மாற்றுங்கள். தினம் இரண்டு வேளை கூளத்தைக் கிளறிவிடுங்கள். நனைந்த இடத்தை அள்ளி எடுத்துவிட்டுப் புது உமி போடுங்கள். செங்குன்றம் அரிசி ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கையில் உமியில் சிக்கனம் வேண்டாம். அள்ளிய எச்சத்தை மூட்டை கட்டி, சோழவரம், பொன்னேரி பக்கத்து விவசாயிகளுக்கோ நர்சரிகளுக்கோ கொடுத்துவிடலாம்.

செத்த பறவையைக் காலி மனையில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாயும் காக்கையும் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். மனையின் மேடான மூலையில் உறை இறக்கி, மூடி போட்டு, ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு தூவிப் போடுங்கள். வெறும் குழி மழையில் நிரம்பிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் தண்ணீர் எப்படி நின்றது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே காரணத்துக்காகக் கொட்டகைத் தரையையும் மழைக்கு முன் உயர்த்திவிடுங்கள்.

அவர் மாநகராட்சிக்குப் போவதற்கு முன்னால் நீங்களே மண்டல அலுவலகத்துக்குப் போய், உங்கள் இடத்தில் இந்தத் தொழிலுக்கு என்ன உரிமம் தேவை என்று கேட்டு விண்ணப்பியுங்கள். கரண்ட் வீட்டு இணைப்பிலிருந்து வருகிறது என்றால் அதையும் சரிசெய்யுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டப்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கலாம். உரித்து விற்கும் எண்ணம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

நகை அடகும் 5,000 காடையும்

நீங்கள் கொடுத்த விலைகளை வைத்தே கணக்குப் போட்டேன். ஒரு காடை ஐந்து வாரத்தில் அரைக் கிலோ தீவனம் தின்னும் என்றால் அதற்கு 23 ரூபாய். 500 குஞ்சுக்கு 5,000 ரூபாய். 120 செத்து 380 விற்றால் வரவு 15,960. குஞ்சும் தீவனமும் போக மிச்சம் 2,220. அதிலிருந்துதான் கரண்ட், உமி, மருந்து, உங்கள் உழைப்பு எல்லாம். 30 மட்டும் செத்து 470 விற்றால் வரவு 19,740, மிச்சம் 3,930. நல்ல பல்புக்கு இன்னும் சில நூறு ரூபாய் கரண்ட் கூடினாலும், கடன் வாங்காமலே ஒரு பேட்சுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் உங்கள் கையில் நிற்கும். இப்போதைய நிலையிலேயே பறவையைப் பெருக்கினால் சாவும் அதே அளவில் பெருகும், வட்டி தனி.

இடமும் இதற்கு ஒத்துவராது. 5,000 பறவை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பார்வைக்குள் வருகிறீர்கள். கோழிப் பண்ணைகளுக்கான மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி அமைக்கச் சொல்கிறது. வீடுகளுக்கு நடுவில் இருக்கும் உங்கள் மனையில் அது நடக்காது. பிற்காலத்தில் பெரிசாக்க விரும்பினால் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் குத்தகை நிலம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இன்குபேட்டரும் இப்போது வேண்டாம். முட்டைக்காகத் தாய்ப் பறவைகளைத் தனியே வைத்துக் காக்க வேண்டும். 17, 18 நாள் சூடும் ஈரப்பதமும் பிசகக் கூடாது. கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள் என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஓட்டவும் முடியாது. கினிக்கோழி நோய் தாங்கும் நல்ல பறவை, வளர்க்கச் சட்டத் தடை இல்லை. ஆனால் புது ஆள் நடமாட்டம் கண்டால் தெருவே எழுந்துகொள்ளும்படி கத்தும். எதிர்வீட்டுக்காரருக்கு இன்னொரு காரணத்தைக் கொடுக்காதீர்கள்.

பறவைக்காய்ச்சல் பற்றி

கார்த்திகை முதல் மாசி வரை பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் வெளிநாட்டு நீர்ப்பறவைகள் வந்து போகும். அந்த மாதங்களில் காக்கை, வாத்து எதுவும் உங்கள் தீவனத்தையோ தண்ணீரையோ தொடாதபடி வலை அடித்துவையுங்கள். வயது வித்தியாசமின்றி ஓரிரு நாளில் பறவைகள் கூட்டமாகச் செத்தால் மீதியை அவசரமாக விற்றுவிடாதீர்கள். ஒன்றையும் வெளியே அனுப்பாமல் கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள் அல்லது அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 2009-ஆம் வருஷத்து விலங்கு நோய்த்தடுப்புச் சட்டப்படி அது உங்கள் கடமை. அரசு அழிக்கும் பறவைக்குத்தான் இழப்பீடு உண்டு, ஏற்கெனவே செத்ததற்குக் கிடையாது. அதனால் சீக்கிரம் சொல்வதுதான் உங்களுக்கும் நல்லது.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். அவர் உதவத்தான் நினைக்கிறார். கணவர் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் மூன்று பேரும் உட்கார்ந்து, மேலே சொன்ன கணக்கைக் காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிப் பார்வையை வாரத்தில் மூன்று நாள் அவர் எடுத்துக்கொள்வாரா என்று நேராகக் கேளுங்கள். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிற ஒருவரை நம்பி 5,000 பறவைக்குத் திட்டம் போடக் கூடாது என்பதை உங்கள் கணவரும் கேட்க வேண்டும். நகையைப் பற்றிய பேச்சை நான்கு பேட்ச் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

அடுத்த குஞ்சு இறங்கும் முன் பல்பை மாற்றிவிடுங்கள். ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, செத்தது எத்தனை, தீவனம் எத்தனை கிலோ, குஞ்சுத் தரையில் ராத்திரி எத்தனை டிகிரி. மாதவரத்தில் பரிசோதனை அறிக்கை வந்ததும் அதையும் அந்த நோட்டின் பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மருந்து ஏதாவது தேவையா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.